மாவுக் கடையில் ஆறு வருடம்: எங்கள் கோவை கிரைண்டர்

மதுரையில் இட்லி மாவு அரைத்து விற்கிறோம். 2019 நவம்பரில் வாங்கிய 10 லிட்டர் டில்டிங் (பாத்திரத்தைச் சாய்த்து மாவை ஊற்றும்) கிரைண்டர் ஆறு வருடமாகத் தினமும் ஐந்து மணி நேரமாவது ஓடுகிறது.

முதலில் கல். புதிதில் மூன்று முறை பழைய அரிசியை ஊறவைத்து அரைத்துக் கொட்டினோம். கல்பொடி நின்ற பிறகுதான் விற்பனைக்கு அரைத்தோம். உளுந்து சூடேறாமல் பஞ்சு மாதிரி பொங்கி வருகிறது. சித்திரை வெயிலில் மட்டும் ஐஸ் தண்ணீர் வேண்டும். நாலாம் வருடம் மாவு ரவை ரவையாக வர ஆரம்பித்தது. கல் கொத்துபவர் வந்தார், அரை நாளில் சரியானது.

பெல்ட் இரண்டு முறையும் பேரிங் ஒரு முறையும் மாற்றியிருக்கிறேன். எல்லாமே பக்கத்துக் கடைச் சரக்கு. இதோடு வாங்கிய வெளிநாட்டு சீல் மெஷினில் போர்டு போனபோது ஸ்பேர் வர ஏழு வாரம் ஆனது. அதுவரை பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட்தான். வாடிக்கையாளர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

1955-ல் கோவையில் பி. சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கினார். பிறகு அந்த ஊர்ப் பட்டறைகள் அதைத் திருத்தித் திருத்தி வளர்த்தன. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தத் திருத்தத்தை நானே பார்த்தேன். மாவைச் சாய்த்து ஊற்றும்போது பூட்டு நழுவி ஒருநாள் ஆறு கிலோ மாவு தரையில் போனது. பட்டறைக்குப் போன் போட்டுக் கத்தினேன். 2022 ஆகஸ்டில் இரண்டாவது கிரைண்டர் வாங்கியபோது அதே இடத்தில் கனமான பூட்டு இருந்தது. நான் மட்டும் கத்தியிருக்க மாட்டேன். ஆனாலும் தயாரித்தவர் போனில் கிடைக்கும் தூரத்தில் இருந்ததால்தானே அது நடந்தது?

அந்த இரண்டாவது பில்தான் வயிற்றெரிச்சல். 2019-ல் ஜிஎஸ்டியை 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்திருந்தார்கள். 2022 ஜூலையில் 18 ஆக்கிவிட்டார்கள். 10,000 ரூபாய்க்கு 500 கட்டிய இடத்தில் 1,800. உள்நாட்டுத் தயாரிப்பை ஆதரிப்போம் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் ஒரு மாவுக் கடைக்காரரின் பில்லையும் வாங்கிப் பார்க்கலாம்.

குறை? சத்தம் உண்டு, கனம் உண்டு. கழுவ ஒரு ஆள் வேண்டும். மாவு தள்ளும் பிளாஸ்டிக் பட்டை வருடத்துக்கு ஒன்று உடைகிறது. அதையும் பட்டறைக்காரரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். "பார்க்கலாம் அண்ணாச்சி" என்கிறார். இன்னும் அதே பட்டைதான் வருகிறது.