மூஞ்ச வெளுக்காம அட்டை அடிச்சு குடுத்த வண்ணாரப்பேட்டை பிரஸ்

கவிதை புக்கு போடணும்னு அலையுற நம்ம திருநங்கை தோழிங்களுக்காக எழுதுறேன். பழைய வண்ணாரப்பேட்டைல எம்.சி. ரோட்டுலேந்து உள்ள போற சந்துல, துணிக்கடைங்களுக்கு பையும் பில் புக்கும் அடிச்சு குடுக்குற சின்ன பிரஸ் ஒண்ணு இருக்கு, என் மொத புக்கு அங்கதான் அடிச்சேன், டெம்மி சைஸ் (கவிதை புக்கு வழக்கமா வர்ற அளவு), 64 பக்கம், 100 காப்பி.

அட்டைல என் போட்டோ. நான் நல்ல கருப்பு, அந்த கருப்பு எனக்கு ரொம்ப புடிக்கும், கவிதைல பாதி அத பத்திதான். முன்னாடி வேற ஒரு எடத்துல குடுத்தப்ப கேக்காமலே மூஞ்ச வெளுத்து, தாடைய வழவழன்னு ஆக்கி, "இப்பதான் பொம்பள மாதிரி இருக்கீங்க"ன்னாங்க, அன்னிக்கு ராத்திரி பூரா அழுதேன். இங்க டிசைன் பண்ற தம்பி, "அக்கா, கருப்பு ஸ்கின் பிரிண்ட்ல இன்னும் இருண்டுடும், மேட் லேமினேஷன் (பளபளப்பு இல்லாத பிளாஸ்டிக் மேலுறை) போட்டா டல்லாயிடும், நெழல் வுழுற எடத்த மட்டும் லேசா தூக்கவா, உங்க கலர்ல கை வெக்க மாட்டேன்"னு கேட்டுட்டு, ஒரு ஷீட் அடிச்சு தெருவுல வெயில்ல புடிச்சு காட்டுச்சு. அப்டியே நான்!

உள்பக்கமும் சொல்லணும். நான் மேடைல படிக்கும்போது நடுவுல கை தட்டுவேன், எங்க ஜமாத் (திருநங்கைங்க சேந்து இருக்குற குடும்பம்) கைதட்டு, அதுவும் எனக்கு ஒரு வரிதான், புக்குல அந்தந்த எடத்த காலியா வுட்டிருந்தேன். லேஅவுட் போடுற அண்ணன் பக்கம் மிச்சமாகும்னு எல்லாத்தையும் இழுத்து சேத்துட்டாரு. நான் படிச்சு காட்டி தட்டுனதும் திரும்பி உக்காந்து முழுசா கேட்டாரு, அப்புறம் ஒவ்வொரு தட்டுக்கும் எவ்ளோ எடம் வுடணும்னு கேட்டு கேட்டு வெச்சாரு. "வந்துகினு", "இஸ்துகினு" ஒண்ணையும் திருத்தல.

பில்லுக்கு பேரு கேட்டாங்க, சொன்னேன், எழுதுனாங்க. தமிழ்நாட்டுல 2008லயே எங்களுக்கு நலவாரியம் வந்துடுச்சு, 2014ல சுப்ரீம் கோர்ட்டும் பாலினத்த அவங்கவங்களே சொல்லிக்கலாம்னு தீர்ப்பு குடுத்துடுச்சு, ஆனா இன்னிக்கும் எத்தனையோ கவுன்ட்டர்ல "ஆதார்ல என்ன பேரு"ன்னுதான் ஆரம்பிக்கறாங்க, அதனாலதான் இத தனியா எழுதுறேன்.

கொறைன்னா, லேமினேஷன வெளில குடுத்து வாங்குறாங்க, சொன்ன நாளைக்கு வரல. புக்கு வெளியீடு வெச்சிருந்தீங்கன்னா, அதுக்கு ஒரு வாரம் முன்னாடி வர்ற தேதிய அவங்ககிட்ட சொல்லி வெச்சுக்கங்க. உள்ள காத்தே வராது, ப்ரூஃப திருத்துறதுன்னா வீட்டுக்கு எடுத்துனு வந்துடுங்க. 100 காப்பிக்கு டிஜிட்டல்தான் கட்டும், ஆஃப்செட்டுன்னா (பிளேட் செஞ்சு நெறைய காப்பி அடிக்கிற முறை) பிளேட் செலவு தனி, கம்மி காப்பிக்கு வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. தீபாவளி, பொங்கல் நெருக்கத்துல மட்டும் போவாதீங்க, துணிக்கடை பை வேலைல நிமிர மாட்டாங்க.