ஊழியத்துக்குப் போகும் மூத்த தம்பதிக்கு எந்த மாத்திரைப் பெட்டி?

சபை ஊழியத்துக்காக மாதக்கணக்கில் வெளியூரிலோ வெளிநாட்டிலோ தங்கப்போகும் தம்பதிக்கு ஏற்றது 28 அறைகள் கொண்ட பெட்டி: ஏழு நாள், நாளுக்கு நான்கு வேளை. ஒவ்வொரு நாளுக்குரிய பட்டையையும் தனியே கழற்றி எடுக்க முடியவேண்டும். முழுப் பெட்டியும் ஒரே துண்டாக இருந்தால் இந்த வாழ்க்கைக்கு உதவாது. மதிய வேளையில் அவர்கள் ஏதோ ஒரு விசுவாசியின் வீட்டில் இருப்பார்கள், அல்லது சபை அலுவலகத்தில், அல்லது பேருந்தில். அன்றைய பட்டை கைப்பையில் இருந்தால்தான் மதிய மாத்திரை தவறாது.

ஆளுக்கொன்று, வெவ்வேறு நிறத்தில் வாங்குங்கள். ஒரே நிறத்தில் வாங்கிப் பெயர்ச்சீட்டு ஒட்டினால் நாலு முறை கழுவியதும் சீட்டு உரிந்துவிடும். பிறகு ஒருவர் மாத்திரையை மற்றவர் விழுங்க வாய்ப்பு அதிகம். கிழமை எழுத்துகளும் அச்சடித்தவையாக இல்லாமல் புடைப்பாக இருக்கட்டும், அழியாது.

மூடியில்தான் பெரும்பாலான பெட்டிகள் தோற்கின்றன. நகத்தால் நெம்பும் மூடி மூட்டுவலி உள்ள விரலுக்குத் துன்பம். பொத்தானை அழுத்தினால் திறப்பது நல்லது. ஆனால் பொத்தான் மிக இலகுவாக இருந்தால் பைக்குள் தானாகத் திறந்து, காலை மாத்திரையும் இரவு மாத்திரையும் கலந்துவிடும். வாங்கியவுடன் பட்டையை நிரப்பிக் கவிழ்த்து நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். அறையின் அடி வளைவாக இருந்தால் மாத்திரையை விரலால் எளிதில் எடுக்கலாம்.

நிரப்புவது வாரம் ஒருமுறை. ஒருவர் நிரப்ப, மற்றவர் மருந்துச் சீட்டோடு ஒத்துப் பார்க்கவேண்டும். ஒரு பெட்டி முடிந்து மூடிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். மாத்திரை அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி உறையோடு அறைக்குள் போடுகிற வழக்கம் மிக ஆபத்தானது. கவனக்குறைவில் அதை அப்படியே விழுங்கியவர்களுக்கு உணவுக்குழாய் கிழிந்திருக்கிறது.

எல்லா மருந்தும் பெட்டிக்குரியதல்ல. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் அதன் கண்ணாடிக் குப்பியிலேயே இருக்கவேண்டும். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் டாபிகட்ரான் ஈரத்தில் கெடும், அதையும் அதன் மூல உறையிலிருந்து பெட்டிக்கு மாற்றாதீர்கள். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் தவறுதலாகத் தினமும் உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. அதைத் தனியே வையுங்கள்.

நான்கு அறை போதாத இடமும் உண்டு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் எடுக்கவேண்டும், கால்சியத்துக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரண்டும் 'காலை' அறையில் கிடந்தால் தைராய்டு மருந்து சரியாக உடலில் சேராது. கால்சியத்தை மதியத்துக்கோ இரவுக்கோ தள்ளலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

பெட்டிக்குத் தெரியாத இன்னொன்று உபவாச நாள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையை எடுத்துவிட்டுச் சாப்பிடாமலிருந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். அந்த நாளில் எதை எடுப்பது, எதை விடுவது, உபவாசமே இருக்கலாமா என்பதைக் கிளம்புமுன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாடு போகிறவர்கள் பயணத்தின்போது பெட்டியைக் காலியாகக் கொண்டுபோவதே நல்லது. மாத்திரைகள் மூல அட்டையோடு, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டோடு, கையில் எடுத்துச்செல்லும் பையில் இருக்கட்டும். சுங்கச் சோதனையில் பெயரில்லாத உதிரி மாத்திரைகளுக்குப் பதில் சொல்வது கடினம். போய்ச் சேர்ந்தபின் நிரப்புங்கள்.

வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்துபவர்கள் பெட்டியை உயரத்தில் வைக்கவேண்டும். இவ்வகை மூடிகள் குழந்தைகளைத் தடுக்காது. கழுவினால் ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள், அறைக்குள் ஒரு துளி ஈரம் நின்றாலும் அந்த வாரத்து மாத்திரை பொதபொதத்துவிடும்.