நான்கு வேலை, நான்கு கடன்: வீட்டைச் சரிசெய்ய நான் கட்டிய வட்டி

தாம்பரத்துக்கு மேற்கே எங்கள் வீடு. 2009-இல் வங்கிக் கடனில் வாங்கியது. தரைத்தளம் மட்டும், தொள்ளாயிரம் சதுர அடி. 2015 டிசம்பர் மழைக்குப் பிறகு அது ஓயாமல் செலவு வைக்க ஆரம்பித்தது. மொட்டை மாடி, பாத்ரூம், சமையலறை, பெயின்ட் என்று நான்கு பெரிய வேலைகள். நான்குக்கும் நான்கு விதமாகப் பணம் புரட்டினோம். திட்டம் போட்டுச் செய்ததல்ல, அந்தந்த நேரத்தில் எது அகப்பட்டதோ அது. போன மாதம் பழைய டைரியையும் பாஸ்புக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மலிவு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த கடன்தான் இருப்பதிலேயே அதிக வட்டி வீதத்தில் தின்றிருக்கிறது.

அது சீட்டு, அதாவது பல பேர் மாதாமாதம் பணம் போட்டு, மாதம் ஒருவர் ஏலத்தில் மொத்தத்தையும் எடுப்பது. 2016 கோடையில் மாடியின் பழைய தட்டோட்டைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். மேஸ்திரி ஒன்றேகால் லட்சம் என்றார், ஒன்றரை ஆயிற்று. (எந்த மேஸ்திரி எவ்வளவு சொன்னாலும் அதோடு கால்பங்கு சேர்த்துக் கடன் கேளுங்கள். பாதி வேலையில் கைமாற்றுக்கு அலைவது கொடுமை.) பதிவு பெற்ற கம்பெனியில் 2 லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 மாதம், மாதம் 10,000. நான்காவது மாதமே ஏலத்தில் 50,000 தள்ளி, அதாவது அவ்வளவு குறைவாக வாங்கிக்கொள்ளச் சம்மதித்து, எடுத்தேன். கைக்கு வந்தது 1,50,000. தள்ளிய பணத்தில் கம்பெனிக் கமிஷன் அன்றைக்கு 5 சதவீதம், அதாவது 10,000. மீதி 40,000-ஐ இருபது பேருக்கும் பிரித்தால் தலைக்கு 2,000 கழிவு. அந்த மாதம் 8,000 கட்டினால் போதும். வட்டியே இல்லாத கடன் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

இருபது மாதத்தில் நான் கட்டியது சுமார் 1,76,000. 26,000 தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் எடுத்த ஒன்றரை லட்சத்தில் 32,000 முதல் நான்கு தவணையில் நானே போட்ட பணம். ஆக, உண்மையான கடன் 1,18,000. அதற்குப் பதினாறு மாதத்தில் 1,44,000 திருப்பியிருக்கிறேன். அசல் மாதாமாதம் குறைவதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்கு, மேலே போகிறது! கம்பெனி ஏமாற்றவில்லை. நாலாவது மாதமே எடுத்தது நான்தான். கடைசி வரை காத்திருந்தவர்களுக்கு என் அவசரம் லாபமாகப் போயிற்று. சீட்டு நிதிச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு கமிஷன் வரம்பு 7 சதவீதம், அதையும் நினைவில் வையுங்கள்.

2018-இல் பாத்ரூம். சுவருக்குள் இரும்புக் குழாய் துருப்பிடித்துப் பக்கத்து அறைச் சுவர் ஊறியது. சீட்டுக்கு ஜாமீன்தாரர்களைத் தேடி அலைந்த அலுப்பில், இந்தத் தடவை அம்மா போட்ட எட்டு சவரன் ஆரத்தை வங்கியில் வைத்தேன். அன்று சவரன் 23, 24 ஆயிரம். கல் எடை கழித்து, மதிப்பில் 75 சதவீதத்துக்குள் 1,25,000 கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. எண்பது பைசா வட்டி, மாதம் 1,000.

வட்டியைக் குறை சொல்ல முடியாது. ஒரு வருடக் கெடு வரும்போதுதான் சிக்கல். அசலை மொத்தமாகக் கட்ட யாரிடம் இருக்கிறது? 12,000 வட்டியை மட்டும் கட்டிவிட்டு மறுபடி வைத்தோம், இரண்டு முறை. மாதத் தவணை இல்லாததால் அசல் ஒரு பைசாகூடக் குறையவில்லை. மீட்டபோது வட்டி 36,000 ஆகியிருந்தது. நடுவில் நாத்தனார் மகள் கல்யாணத்தில் மாமியார் "ஆரம் எங்கேம்மா?" என்று கேட்டார். "பேங்கில் இருக்கு அத்தை" என்றேன். பொய் இல்லையே.

2021-இல் சமையலறை. 3 லட்சம் தேவைப்பட்டது. மாடுலர் கிச்சன் கடைக்காரரே ஒரு ஃபைனான்ஸ் ஆளை உட்கார வைத்திருந்தார். "பத்தே பர்சென்ட், மூணு வருஷம்" என்றார். வங்கியில் தனிநபர் கடன் 14 சதவீதம் சொல்லியிருந்தார்கள். கையெழுத்துப் போடப் போனவளை என் கணவர்தான் மாதத் தவணையைக் கேட்கச் சொன்னார். பத்து சதவீதக் கடனுக்கு 10,833. பதினாலு சதவீதக் கடனுக்கு 10,253! கடைக்காரர் சொன்னது ஃபிளாட் வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது, கடைசி மாதம் வரை முழு 3 லட்சத்துக்கும் வட்டி. வங்கிகள் வட்டி போடும் முறையில் சொன்னால் அது 18 சதவீதத்தை ஒட்டி வரும். அன்றிலிருந்து எங்கே கடன் கேட்டாலும் முதல் கேள்வி, மாதம் எவ்வளவு, எத்தனை மாதம்.

கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டு, வீட்டுக் கடன் இருந்த வங்கியிலேயே டாப்-அப், அதாவது அந்தக் கடன்மேல் கூடுதல் கடன், வாங்கினோம். பத்திரம் ஏற்கெனவே அவர்களிடம்தான் இருக்கிறது, தவணையும் தவறியதில்லை. இன்ஜினியர் எஸ்டிமேட், பிராசசிங் கட்டணம், பத்து நாள். 8 சதவீதம், பத்து வருடம், மாதம் 3,640. தவணை லேசாக இருந்ததில் ஏமாந்தேன். அப்படியே பத்து வருடம் கட்டினால் வட்டி மட்டும் 1,36,000-க்கு மேல். 14 சதவீதத் தனிநபர் கடனை மூன்று வருடத்தில் முடித்திருந்தால் வட்டி 69,000 தான்.

அப்புறம் 2022 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை, ஏற்றத் தொடங்கியது. 4 சதவீதம் 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. எங்கள் கடன் ரெப்போவோடு கட்டப்பட்டது, 8 என்பது 10.5 ஆயிற்று. தவணை மட்டும் அதே 3,640 என்பதால் எனக்கு உறைக்கவே இல்லை. ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால் கடன் முடியும் தேதி ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப் போயிருக்கிறது. 2023 ஆகஸ்டில் வந்த ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைப்படி, இப்படி வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று வங்கி நம்மைக் கேட்க வேண்டும். கிளையில் போய் எழுதிக் கொடுத்துத் தவணையை 9,000 ஆக்கினேன். போனஸ் வந்தால் அசலில் போடுகிறேன். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. இந்த ஒரு வசதிக்காகவே நான்கில் டாப்-அப்பை முதலில் வைப்பேன், தவணையை நீங்களே ஏற்றிக்கொள்ளும் பிடிவாதம் இருந்தால். பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடன் வட்டியில் வருடம் 30,000 வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம்.

2023-இல் பெயின்ட். என் கணவருடைய பிஎஃப்பில் 80,000 எடுத்தோம். வீடு கட்டி ஐந்து வருடம் ஆகியிருந்தால் பழுதுபார்க்க எடுக்கலாம் என்பது அன்றைய விதி. வட்டி இல்லை, தவணை இல்லை, யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அவர் ஓய்வு பெற இன்னும் பதினைந்து வருடம் இருந்தது. 2023-24-இல் பிஎஃப் கொடுத்த 8.25 சதவீதத்தையே வைத்துக்கொண்டால், அந்த 80,000 ஓய்வின்போது 2,60,000-ஐத் தாண்டியிருக்கும். பெயின்ட் அதற்குள் மூன்று தடவை உரிந்துவிடும்.

மாடி மூலையில் மறுபடி ஈரம் தெரிகிறது. 20 மாதச் சீட்டு ஒன்றில் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது, இன்னும் ஏலம் கேட்கவில்லை. அறையில் ஒரு வாளி வைத்திருக்கிறோம்.