ஸ்லாவியாவா, வெர்னாவா? ஐந்து நட்சத்திரத்துக்குள் இருக்கும் வித்தியாசம்

ஸ்கோடா ஸ்லாவியாவும் ஹூண்டாய் வெர்னாவும் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. பெரியவர்கள் பாதுகாப்புக்கும் ஐந்து, குழந்தைகள் பாதுகாப்புக்கும் ஐந்து. இரண்டு சோதனையும் 2023-இல், ஒரே விதிமுறைப்படி நடந்தவை. ஷோரூமில் பாதுகாப்புப் பேச்சு இதோடு முடிந்துவிடும். அப்புறம் சன்ரூஃப், ஸ்கிரீன், எக்ஸ்சேஞ்ச் போனஸ்தான். அப்பா அம்மாவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஊருக்குப் போகிறவர்கள் அங்கேயே நின்றுவிடக் கூடாது. நாங்கள் எடுத்தது ஸ்லாவியா. எதற்காக எடுத்தோம் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்தே படியுங்கள்.

காகிதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். பெரியவர்கள் பாதுகாப்பில் 34-க்கு ஸ்லாவியா 29.71, வெர்னா 28.18. குழந்தைகள் பாதுகாப்பில் இரண்டுமே 49-க்கு 42. அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ், குழந்தை சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இரண்டிலும் உண்டு. ஏர்பேக் விஷயத்தில் வெர்னா முந்திக்கொண்டது; 2023-இல் வந்தபோதே எல்லா வேரியன்டிலும் ஆறு. ஸ்லாவியாவில் 2024-இல்தான் ஆறும் எல்லா வேரியன்டுக்கும் வந்தன. செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்: அதற்கு முந்தைய கீழ் வேரியன்ட் ஸ்லாவியாவில் ஏர்பேக் இரண்டுதான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது அறிக்கையில் இருந்த ஒரு வரி. முன்பக்க மோதலுக்குப் பிறகு ஸ்லாவியாவின் பாடி ஷெல் (ஆட்களைச் சுற்றியிருக்கும் எஃகுக் கூடு) நிலையாக இருந்தது, இன்னும் கூடுதல் விசையைத் தாங்கும் என்று எழுதியிருந்தார்கள். வெர்னாவின் பாடி ஷெல் நிலையற்றது, இதற்கு மேல் தாங்காது என்று எழுதியிருந்தார்கள். கால் வைக்கும் பகுதிக்கும் அதே மதிப்பீடு.

அப்படியிருந்தும் வெர்னாவுக்கு ஐந்து எப்படிக் கிடைத்தது? மதிப்பெண்ணில் பெரும்பகுதி உள்ளே உட்கார வைத்த பொம்மைகளின் தலை, மார்பு, கால்களில் பதிவான அளவுகளைப் பொறுத்தது. ஏர்பேக்கும் பெல்ட்டும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன, பொம்மைகளுக்குப் பெரிய அடி இல்லை. ஆக, சோதனை நடந்த வேகத்தில் வெர்னாவும் ஆளைக் காப்பாற்றுகிற வண்டிதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த வேகத்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

சோதனை வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர்; வண்டியின் முன்பக்கத்தில் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் மோதும். நம் நான்குவழி நெடுஞ்சாலைகளில் காருக்கு அனுமதிக்கப்பட்ட வேகமே 100. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-இல் மோதினால் சோதனையில் இருந்ததைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல், 90-இல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுத்தான் பெரும்பாலும் மோதுவோம் என்பது உண்மை. ஆனால் எதிரே வருவது நம் எடையுள்ள காராகவே இருக்கும் என்று யார் சொன்னது? மீடியன் இடைவெளியில் திரும்பும் டிப்பர், எதிர்த்திசையில் வரும் டிராக்டர் என்று சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜிஎஸ்டி சாலையில் ஓட்டியவர்களுக்கு நான் பட்டியல் போட வேண்டியதில்லை.

ஏர்பேக் விரியவும் பெல்ட் இழுத்துப் பிடிக்கவும் உள்ளே இடம் மிஞ்சியிருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் மடங்கினால் டாஷ்போர்டும் ஸ்டியரிங்கும் ஓட்டுபவரை நோக்கி வரும், பெடல் பகுதியில் கால் சிக்கும், கதவு திறக்காது. ஏர்பேக்கை பிரோஷரில் எண்ணலாம்; பாடி ஷெல்லின் பலத்தை எண்ண முடியாது, வாங்கிய பிறகு சேர்க்கவும் முடியாது. அதைவிட முக்கியம், விலை குறைந்த ஸ்லாவியாவிலும் இருப்பது அதே ஷெல். (நின்றிருக்கும் லாரியின் பின்னால் கார் அடியில் புகுந்துவிடும் விபத்தில் எந்த ஷெல்லும் பெரிதாக உதவாது. மோதுவது கண்ணாடி உயரத்தில்.)

வெர்னாவின் பக்கம் கனமாக இருப்பது அடாஸ், அதாவது ஓட்டுபவருக்கு உதவும் மின்னணு வசதிகள். முன்னால் கேமராவும் ரேடாரும், பின்பக்கம் ரேடார்கள். தானாகப் பிரேக் பிடிக்கும், லேனை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும், பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் வரும் வண்டியைச் சொல்லும், ரிவர்ஸ் எடுக்கும்போது குறுக்கே வருவதைச் சொல்லும். நாங்கள் வாங்கியபோது ஸ்லாவியாவில் இதில் ஒன்றுகூட இல்லை. நான் வெர்னாவை ஓட்டியது டெஸ்ட் டிரைவிலும் சித்தப்பாவின் வண்டியிலும்தான். அந்த அளவுக்கு மட்டும் என் கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு எச்சரிக்கை அருமை, இடப்பக்கம் நுழையும் பைக்குகளுக்கு அது ஒன்றே போதும். லேன் உதவியை சித்தப்பா அணைத்துத்தான் வைத்திருக்கிறார், கோடு அழிந்த சாலையில் அதற்கு வேலையில்லை.

தானியங்கி பிரேக்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 90-ஐ 70 ஆக்கினாலே மோதலின் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும்; நான் மேலே போட்ட அதே கணக்கு இங்கே வெர்னாவுக்குச் சாதகம். ஆனால் அது மேல் வேரியன்டுக்கு மட்டும். முன்னால் போகும் வண்டிக்கு நன்றாக வேலை செய்கிற ரேடார், சந்திலிருந்து திடீரென்று பாயும் வண்டிக்கு அதே அளவு உதவும் என்று எதிர்பார்க்க முடியாது. முன் கண்ணாடி உடைந்து மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவமைக்க வேண்டும், அந்தச் செலவையும் மனதில் வையுங்கள்.

ஸ்லாவியாவில் எனக்கு ஒரு குறை, பின் சக்கரத்தில் டிரம் பிரேக். வெர்னா டர்போவில் டிஸ்க் கிடைக்கிறது. ஈரச் சாலையில் வண்டி வழுக்கினால் சக்கரம் சக்கரமாகப் பிரேக் பிடித்து நேராக்கும் இஎஸ்சியும், முதல் மோதலுக்குப் பிறகு வண்டி உருண்டுபோய் இன்னொன்றில் இடிக்காமல் தானே பிரேக் பிடிக்கும் வசதியும் இருப்பதால் அந்தக் குறையை விட்டுவிட்டேன்.

ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் அதே பிளாட்பாரத்தில் (அடிப்படைக் கட்டமைப்பில்) செய்த கார், ஸ்லாவியாவோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டு அதே மதிப்பெண் பெற்றது. இரண்டில் எதன் சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்கிறதோ அதை எடுங்கள். ஹோண்டா சிட்டியை இதே தராசில் வைக்க முடியவில்லை. குளோபல் என்கேப் 2022-இல் நான்கு நட்சத்திரம் கொடுத்தது முந்தைய நான்காம் தலைமுறைக்கு, அதுவும் பழைய விதிமுறையில்.

நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர், மேல் வேரியன்ட் வாங்கும் பட்ஜெட் உள்ளவர், வயதானவர் ஓட்டப்போகிறார் என்றால் வெர்னாவைத்தான் நானும் சொல்வேன். எதை எடுத்தாலும் பின் சீட்டில் பெல்ட் போடவில்லை என்றால் இந்த அலசலுக்கே பொருளில்லை. 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தது பின் சீட்டில், பெல்ட் இல்லாமல். டெஸ்ட் டிரைவுக்கு வீட்டு ஆட்களையும் குழந்தை சீட்டையும் கொண்டுபோய், சீட்டை ஐசோஃபிக்ஸில் மாட்டிவிட்டு, மீதி இடத்தில் பாட்டியால் உட்கார்ந்து பெல்ட்டைத் தானே பூட்ட முடிகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் பக்கிள் சீட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளாமல் நிற்கிறதா என்பதைத்தான் அம்மா முதலில் பார்த்தார்.