நெட்வொர்க் கோப்பில் தப்பு விட்டால் யார் எப்போது சொல்வார்கள்?

ரீபூட் கொடுத்த சர்வர், நான்கு நிமிஷமாகியும் பிங்குக்கு (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சோதனைக்கு) பதில் சொல்லவில்லை. அதே ரேக்கில் இருந்த இன்னொரு மெஷினுக்குள் நுழைந்து அங்கிருந்து அடித்தால் உடனே பதில் வருகிறது. ஆக, உயிரோடுதான் இருக்கிறது. வெளியே வரத்தான் வழி தெரியவில்லை. அதன் நெட்வொர்க் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். கேட்வே (வெளியே போகும் வாசலின் முகவரி) வரி இருக்கிறது, எண்ணும் சரி. பத்து நிமிஷம் முறைத்துப் பார்த்த பிறகே கண்ணில் பட்டது: சமக்குறிக்கு முன்னும் பின்னும் ஓர் இடைவெளி. படிக்க வசதியாக இருக்கட்டுமே என்று விட்டவன் நான்தான்.

அது சென்ட்ஓஎஸ் 6, ரெட்ஹேட் நிறுவனத்தின் லினக்ஸை ஒட்டிய இலவச லினக்ஸ். ரெட்ஹேட் குடும்பத்தில் ஒவ்வொரு நெட்வொர்க் இடைமுகத்துக்கும் ஒன்றாக இருக்கும் பழைய ஐஎஃப்சிஎஃப்ஜி கோப்புகள் பார்க்க அமைப்புக் கோப்பு மாதிரி இருக்கும். உண்மையில் அவை ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது ஓட்டக்கூடிய கட்டளைகள். துவக்க ஸ்கிரிப்ட் அவற்றை வரிவரியாக அலசுவதில்லை, ஒரு புள்ளி வைத்து அப்படியே தனக்குள் இழுத்து ஓட்டிவிடுகிறது. இடைவெளி விட்டதும் ‘கேட்வே’ என்பது மாறியாக இல்லாமல் கட்டளையாகிவிட்டது. அப்படியொரு கட்டளை இல்லை என்று கன்சோலில் ஒரு வரி ஓடியது, யாரும் பார்க்கவில்லை, மீதி வரிகள் சமர்த்தாக ஓடி முடிந்தன. ஐபி வந்தது, வெளிவழி வரவில்லை.

இதே குணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பெயர் வரியில் மேற்கோள் போடாமல் இரண்டு சொல் எழுதினால், இரண்டாவது சொல்லை ஷெல் கட்டளையாக எடுத்து ரூட் (முழு நிர்வாகி) உரிமையில் ஓட்டும். அந்தக் கோப்பில் எழுத முடிந்தவர் கையில் மெஷினே இருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் நோட்பேடில் திருத்தி ஏற்றியிருந்தால் ஒவ்வொரு மதிப்பின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டியிருக்கும். சாதாரணமாகத் திறந்தால் ஒன்றும் தெரியாது. ‘கேட்’ கட்டளையைப் பெரிய ஏ கொடியோடு ஓட்டினால் வரிக் கடைசியில் ^ குறியும் எம் எழுத்தும் எட்டிப் பார்க்கும். முன்ஜாக்கிரதையாக அதே கோப்புறையில் ‘காப்பி’ என்று வால் சேர்த்து நகல் வைத்தால் அதுவும் வினைதான். டாட் பேக் போன்ற சில வால்களைத்தான் ஸ்கிரிப்ட் ஒதுக்கும். மற்ற நகல்களையும் இன்னொரு இடைமுகமாக நினைத்து எழுப்பப் பார்க்கும்.

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் இன்டர்ஃபேசஸ் கோப்பு இந்த வகையில் நாகரிகமானது. இடைமுகத்தை எழுப்பும் இஃப்அப் கட்டளை அதைத் தன் சொந்த இலக்கணத்தோடு வாசிக்கிறது, எதையும் கண்டபடி ஓட்டுவதில்லை. ஆனால் அதற்கும் இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, # போட்ட குறிப்பு தனி வரியில்தான் இருக்க வேண்டும். முகவரிக்குப் பக்கத்திலேயே குறிப்பு எழுதினால் அதுவும் மதிப்பின் பகுதியாகிவிடும். இன்னொன்றுதான் ஆளை அழவைக்கும். சோர்ஸ்-டைரக்டரி என்று ஒரு கோப்புறையைச் சுட்டினால், எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு மட்டும் உள்ள பெயர்களையே எடுக்கும். கோப்புப் பெயர் ‘.கான்ஃப்’ என்று முடிந்தால் அதிலுள்ள புள்ளிக்காகவே கோப்பை ஒதுக்கிவிடும், மூச்சுக்கூட விடாது. நட்சத்திரக்குறியோடு சோர்ஸ் என்று மட்டும் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. ரீபூட்டுக்கு முன்பே சோதிக்க வழியும் உண்டு: இஃப்குவரி கட்டளை இடைமுகங்களைப் பட்டியல் போட்டுக் காட்டும், இஃப்அப்பை ‘நோ-ஆக்ட்’ கொடியோடு ஓட்டினால் என்ன செய்யப்போகிறது என்று சொல்லும், செய்யாது.

உபுண்டு லினக்ஸின் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளான் 2017-இல் உபுண்டு 17.10-உடன் இயல்புநிலைக்கு வந்தபோது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு ஐபி வைக்க, வரித் தொடக்க இடைவெளியையே இலக்கணமாகக் கொண்ட யாமலா? டேப் அடித்தால் ஆகாது, இரண்டு இடைவெளி தள்ளினால் பொருளே மாறிவிடும். பிறகு மனம் மாறியதற்குக் காரணம் அதன் வாய். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, எத்தனையாவது எழுத்து என்று தப்பு இருக்கும் இடத்தில் விரல் வைத்துச் சொல்கிறது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) வழியாக மட்டுமே தொட முடிகிற மெஷின் என்றால் ‘நெட்பிளான் ட்ரை’ போதும்: 120 விநாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். நாம் வெளியே பூட்டப்பட்டால் என்டர் தட்ட முடியாது அல்லவா, அதுதான் சூட்சுமம். பல இடைமுகங்களைச் சேர்த்துக்கட்டும் பிரிட்ஜ், பாண்டு இவற்றின் தனி அளவுருக்களை மாற்றினால் மட்டும் அந்தப் பின்வாங்கலை நம்பக் கூடாது.

நெட்பிளானில் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. கோப்புறையில் உள்ள யாமல் கோப்புகளைப் பெயர் வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும். தனி மதிப்பு என்றால் கடைசியில் வந்தது ஜெயிக்கும். பட்டியல் என்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். முதல் துவக்கத்தில் சர்வரை அமைத்துத் தரும் கிளவுட்-இனிட் எழுதிய 50-ஆம் எண் கோப்பில் பழைய முகவரி, நாம் எழுதிய 99-இல் புதியது என்றால், மெஷின் இரண்டு முகவரியோடும் எழும். பழையது ஏன் போகவில்லை என்று தேடி ஒரு மாலை முழுதும் வீணாக்கியிருக்கிறேன்.

நெட்வொர்க்கை அமைக்கும் இன்னொரு சேவையான சிஸ்டம்டி-நெட்வொர்க்டியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தெரியாத சொல் வந்தால் ‘புறக்கணிக்கிறேன்’ என்று ஜர்னலில் (சிஸ்டத்தின் பதிவேட்டில்) எழுதிவிட்டு நகர்ந்துவிடும். ஜர்னல் பார்க்கும் பழக்கம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஊமை கண்ட கனவு. ஒரு இடைமுகத்துக்குப் பொருந்தும் முதல் கோப்பை மட்டும் எடுக்கும், நெட்பிளான் மாதிரி இணைக்காது. எனக்கு இந்தக் கறார் பிடிக்கும்.

எட்டாத தூரத்தில் சர்வர் இருந்தால் நெட்பிளான், கன்சோல் கைக்கெட்டினால் நெட்வொர்க்டி, ஓடிக்கொண்டிருக்கும் டெபியனை அப்படியே விட்டுவிடுவது: என் தேர்வு இதுதான். ஐஎஃப்சிஎஃப்ஜிக்கு ரெட்ஹேட்டே விடை கொடுத்துவிட்டது. 2022-இல் வந்த அவர்களுடைய லினக்ஸ் பதிப்பான ஆர்ஹெச்இஎல் 9-இல் பழைய துவக்க ஸ்கிரிப்டுகள் இல்லை, நெட்வொர்க்மேனேஜர் சேவையின் கீஃபைல் என்ற கோப்புதான் இயல்புநிலை. அது வெறும் தரவு, யாரும் ஓட்டமாட்டார்கள். ஆனால் உரிமை 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) என்று இல்லாமல் எல்லோரும் படிக்கும்படி விட்டால் அந்தக் கோப்பையே ஏற்காது, கையால் திருத்திவிட்டு ‘ரீலோட்’ சொல்லாவிட்டால் கண்டுகொள்ளாது. ஆர்ஹெச்இஎல் 10-இல் ஐஎஃப்சிஎஃப்ஜியை வாசிக்கும் செருகுநிரலும் போய்விட்டது. மேம்படுத்த நாள் குறித்திருப்பவர்கள் 9-இல் இருக்கும்போதே நெட்வொர்க்மேனேஜரின் கட்டளைக் கருவியான என்எம்சிஎல்ஐ-யின் ‘மைக்ரேட்’ ஓட்டி, பழைய கோப்புறையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.