பாயின்ட்டா மாட்யூலா? பழைய கார் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள நடக்குற பங்காளிச் சண்டை

பழைய கார் வச்சிருக்க ரெண்டு பேரை ஒரே பானட் பக்கத்துல நிக்க வச்சு, "இந்த சிபி பாயின்ட்டை தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரானிக் மாட்டிடலாமா"ன்னு மெதுவா கேட்டுட்டு நீங்க நைசா நகர்ந்துடுங்க. (சிபி பாயின்ட்னா, ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் முறை வச்சு கரண்ட்டைப் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள திறந்து மூடுற குட்டி சுவிட்ச்; எலக்ட்ரானிக்னா அதுக்குப் பதிலா மாட்டுற மாட்யூல்.) திரும்பி வரும்போது ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்க மாட்டாங்க. "அறுபது வருஷமா ஓடுறதுல எதுக்குய்யா கை வைக்கிற"ன்னு ஒருத்தர், "மாட்டுனேன், மறந்துட்டேன், நீ இன்னும் உப்புத்தாளோட உக்காந்திரு"ன்னு இன்னொருத்தர். நான் ரெண்டையும் மாட்டி ஓட்டியிருக்கேன், ரெண்டுமே என்னை நடுரோட்டுல நிக்க வச்சிருக்கு, அதனால ரெண்டு கட்சியையும் திட்டுற தகுதி எனக்கு இருக்கு.

முதல்ல பெரியவரைப் பாப்போம். பாயின்ட் இக்னிஷன் சார்லஸ் கெட்டரிங் உருவாக்குனது, 1910 மாடல் கேடில்லாக்ல வந்துச்சு, அதுக்கப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல பெரும்பாலான பெட்ரோல் கார்ல இதே சங்கதிதான். பாயின்ட் மூடியிருக்கும்போது, வோல்ட்டேஜை ஏத்திக் கொடுக்குற காயில்ல கரண்ட் ஓடி காந்தப்புலம் சேருது, டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டோட சுத்துற மேடு வச்ச கேம் வந்து பாயின்ட்டைத் திறந்த உடனே அந்தக் காந்தப்புலம் பொத்துன்னு சரியுது, சரியுற வேகத்துல 12 வோல்ட்டா உள்ள போனது ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஸ்பார்க் பிளக்குக்குப் போகுது. பாயின்ட் திறக்குற நொடியில அங்கயே பொறி பறந்து வேலையைக் கெடுக்காம இருக்கத்தான் பக்கத்துல அந்த கண்டென்சர், சுமாரா 0.2 மைக்ரோஃபாரட், சுண்டு விரல் சைஸ் டப்பா. காரையே நிறுத்தக்கூடிய சக்தி இருக்குற சாமான்லயே இதுதான் பொடிசுன்னு நினைக்கிறேன்.

இப்ப கணக்கு போடுங்க. நாலு சிலிண்டர் வண்டி 3000 ஆர்பிஎம்ல போகுதுன்னா பாயின்ட் வினாடிக்கு 100 தடவை திறந்து மூடுது, ஒரு மணி நேரத்துக்கு 3,60,000 தடவை. அவ்வளவு தட்டு வாங்குற ஒரு பொருள் தேயலைன்னாதான் ஆச்சரியம். கேம்ல உரசுற அந்த ஃபைபர் குதிகால் தேயத் தேய பாயின்ட் திறக்குற இடைவெளி, அதாவது கேப், குறையும், கேப் குறைஞ்சா டைமிங், அதாவது ஸ்பார்க் விழுற நேரம், கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி போகும், வண்டி மந்தமாகும், ஆனா தினமும் துளித்துளியா நடக்குறதால ஓட்டுறவனுக்குத் தெரியவே தெரியாது. "என் வண்டி எப்பவும் இப்படித்தான்"னு சொல்ற ஆளுங்க பாதிப் பேர் வண்டியில கேப் ஒருநாளும் செக் பண்ணியிருக்க மாட்டாங்க. பிரிட்டிஷ் கார்களுக்கு எலக்ட்ரிக் சாமான் செஞ்ச லூகாஸ் கம்பெனியோட 25டி டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டர், பீட்டில் வச்சிருக்கவங்களுக்கு 0.4. இது இடைவெளி அளக்குற தகடான ஒரு ஃபீலர் கேஜ், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பத்து நிமிஷ வேலை. கேம் மேட்டுல குதிகால் உக்காந்திருக்கும்போது அளக்கணும், சரிவுல நிக்கும்போது அளந்துட்டு "நான் அன்னிக்கே செட் பண்ணேனே"ன்னு வந்து அழக்கூடாது. கேம்ல பொட்டு கிரீஸ் தடவ மறக்காதீங்க, பொட்டுன்னா பொட்டுதான், அள்ளி அப்புனா அது தெறிச்சு பாயின்ட் முகத்துலயே போய் உக்காரும்.

பத்து நிமிஷ வேலைன்னு சொன்னேன்ல, அதுல அந்த ஸ்க்ரூ விழுற நேரம் சேராது. பாயின்ட்டைப் பிடிச்சிருக்க அந்தக் குட்டி ஸ்க்ரூ இருக்கே, அது கைல இருந்து நழுவுனா தரையில விழாது, பேஸ் பிளேட்ல இருக்குற ஓட்டை வழியா டிஸ்ட்ரிபியூட்டர் அடிவயித்துக்குள்ளதான் போகும், வேகம் ஏற ஏற ஸ்பார்க்கை முன்கூட்டியே விழ வைக்கிற அட்வான்ஸ் வெயிட்டுக்குப் பக்கத்துல போய் ஹாயா படுத்துக்கும். அப்படியே விட்டுட்டு ஸ்டார்ட் பண்ணலாமான்னு கேட்டவரை எனக்குத் தெரியும், அவர் என் வீட்டுக் கண்ணாடியில தினமும் பல்லு விளக்குறார். காந்த முனை ஸ்க்ரூ டிரைவர் வாங்கி வச்சுக்கோங்க, இல்லன்னா முனையில கொஞ்சம் கிரீஸ் தொட்டு ஒட்ட வச்சுக்கோங்க.

சரி, இப்ப சின்னவர். மாட்யூல்னா அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள பாயின்ட்டும் கண்டென்சரும் இருந்த இடத்துல ஒரு சின்ன கருப்புக் கட்டி, ஷாஃப்ட்டுல ஒரு காந்த வளையம், வெளிய வர்றது ரெண்டே ரெண்டு ஒயர். பெர்ட்ரானிக்ஸ் கம்பெனியோடது மாதிரி காந்தத்தை உணர்ற ஹால் சென்சார்ல வேலை செய்றது உண்டு, லுமினிஷன் கம்பெனியோடது மாதிரி ஒளிக்கதிர் வெட்டுறதும் உண்டு. உரசுற பாகமே இல்ல, அதனால தேயுறதுக்கும் ஒண்ணும் இல்ல, ஒரு தடவை டைமிங் வச்சா வச்ச இடத்துல நிக்கும். கிறைஸ்லர் 1973லயும் ஜிஎம் 1975லயும் தங்களோட அமெரிக்க வண்டிகளுக்கு எலக்ட்ரானிக் இக்னிஷனை ஸ்டாண்டர்டா கொடுத்தது குதிரை சக்திக்காக இல்ல, புகைக் கட்டுப்பாடு இறுகிட்டே வந்த காலத்துல டைமிங் நகர்ற சிஸ்டத்தை வச்சு குடும்பம் நடத்த முடியலங்கறதுதான் முக்கியமான காரணம்.

இந்த இடத்துல ஒரு மாயையை உடைச்சிடுறேன். "எலக்ட்ரானிக் மாட்டுனேன், வண்டி பறக்குது"ன்னு சொல்றவங்க பொய் சொல்லல, ஆனா அவங்க ஒப்பிடுறது எதோட? ரெண்டு வருஷமா தொடாத, முகம் கருகுன, கேப் மூடிப்போன பாயின்ட்டோட. ஒழுங்கா செட் பண்ண புது பாயின்ட்டையும் மாட்யூலையும் அதே காயில் அதே பிளக் வச்சு அடுத்தடுத்த நாள் ஓட்டிப் பாத்தேன், நாலு சிலிண்டர்ல சாதாரண வேகத்துல எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. எட்டு சிலிண்டர் வண்டியை மேல விரட்டுறவங்களுக்குக் கதை வேற, அங்க பாயின்ட்டுக்கு ரெட்டிப்பு வேலை, காயில் நிறையவே நேரம் பத்தாது, ஸ்பிரிங் வேற துள்ள ஆரம்பிச்சிடும். அங்க சின்னவர் ஜெயிக்கிறார், சந்தேகமே இல்ல.

காலைல ஸ்டார்ட் ஆகுறது, ஐடிலிங் இதுல எல்லாம் மாட்யூல் ஒரு படி மேல, ஆனா பேட்டரி தெம்பா இருந்தாத்தான். பேட்டரி ரொம்ப இறங்கிப்போய் ஸ்டார்ட்டர் முனகுறப்ப சில மாட்யூல் கண்ணே திறக்காது, பாயின்ட்டோ தள்ளிவிட்டா கிளம்பிடும்.

ஆனா எனக்கு இந்த ஒப்பீட்டுல முக்கியமானது எது நல்லா ஓடுதுங்கறது இல்ல, எது எப்படி சாகுதுங்கறதுதான். பாயின்ட் கிழவர் மாதிரி, முதல்ல இருமுவார், அப்புறம் மிஸ்ஸிங் அடிக்கும், ஏத்தத்துல திணறும், ஒரு மாசம் நோட்டீஸ் கொடுத்துட்டுத்தான் படுப்பார், படுத்தாலும் ஒரு விசிட்டிங் கார்டை பாயின்ட் நடுவுல விட்டு இழுத்துத் துடைச்சு, கேப்பைக் கண்ணால பாத்து வச்சா வீட்டுக்குக் கொண்டுவந்து சேத்துடுவார். மாட்யூல் அப்படி இல்ல. நூறுல போயிட்டிருக்கும்போதே சுவிட்ச் ஆஃப் பண்ண மாதிரி போயிடும், இருமல் கிடையாது, சளி கிடையாது, மரியாதைக்கு ஒரு பேக்ஃபயர் கூட கிடையாது. அந்தக் கருப்புக் கட்டியைத் திறந்து பாக்க முடியாது, தட்டிப் பாக்கலாம், திட்டிப் பாக்கலாம், ரெண்டுக்கும் ஒரே பலன்தான்.

பெரியவர் கட்சிக்காரங்க ரொம்ப சிரிக்காதீங்க, உங்ககிட்ட கண்டென்சர்னு ஒரு கருப்பு ஆடு இருக்கு. என் சொந்தக் கதை: வண்டி குளிர்ல அருமையா ஸ்டார்ட் ஆகும், இருபது நிமிஷம் ஓடி சூடானதும் கரெக்டா நிக்கும், அரை மணி நேரம் ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பும். பெட்ரோல்தான் ஆவியாகுதுன்னு முடிவு பண்ணி கார்புரேட்டரை ரெண்டு தடவை இறக்கி ஏத்துனேன், பெட்ரோல் பம்ப் மாத்துனேன், டேங்க் கூட கழுவுனேன். மூணு வாரம். கடைசில குற்றவாளி நான் அதுக்கு முன்னாடி மாசம்தான் புதுசா மாட்டுன கண்டென்சர், டப்பாவுல போட்டு வச்சிருந்த பழசை எடுத்து மாட்டுனதும் சனியன் விட்டுச்சு. கார்புரேட்டர் கோளாறுல முக்கால்வாசி இக்னிஷன்லதான் இருக்குன்னு ஒர்க்‌ஷாப்புல கிண்டலாச் சொல்வாங்க, நான் அந்தக் கிண்டலுக்கு டேங்க் கழுவி சாட்சி சொன்னவன்.

அதனால ஸ்பேர் வாங்குறவங்களுக்கு: இப்ப வர்ற மலிவு கண்டென்சரையும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள சுத்தி ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கை அனுப்புற ரோட்டாரையும் அட்டைப்பெட்டி அழகைப் பாத்து நம்பாதீங்க. பித்தளைத் தகட்டை ரிவெட் அடிச்சு நிறுத்தியிருக்க ரோட்டார்ல அந்த ரிவெட் ஷாஃப்ட்டுக்கு ரொம்பக் கிட்ட வந்துட்டா ஸ்பார்க் குறுக்கு வழியில இறங்கிடும், வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது. ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டாருக்கு இவ்வளவு ரசிகர்கள் இருக்குறது சும்மா இல்ல. கழட்டுன பழைய பாகம் ஓடிட்டிருந்ததுன்னா தூக்கிப் போடாதீங்க, சோதிச்சுப் பாக்காத புதுசைவிட ஓடிட்டிருந்த பழசுதான் டிக்கியில இருக்க வேண்டியது.

மாட்யூல் மாட்டப் போறவங்க பண்ற தப்பு எல்லாம் ஒயரிங்லதான். முதல் தப்பு, எர்த் பாக்காம மாட்டுறது. பழைய பிரிட்டிஷ் வண்டி பலதுல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் பக்கம்தான் பாடியில இருக்கும், எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் கூட 1967 வரைக்கும் அப்படித்தான் வந்துச்சு, நெகட்டிவ் எர்த் மாட்யூலை அதுல கொடுத்தா அதோட ஆயுள் கண்ணிமைக்குற நேரம்தான். அடுத்தது காயில். நாலு சிலிண்டருக்கு பல மாட்யூல் கேக்குறது 3 ஓம் காயில், உங்ககிட்ட இருக்குறது கரண்ட்டைக் கட்டுப்படுத்துற பாலாஸ்ட் ரெசிஸ்டரோட வந்த 1.5 ஓம் காயிலா இருந்து, ரெசிஸ்டரையும் கழட்டிட்டீங்கன்னா 4 ஆம்பியர் போக வேண்டிய இடத்துல 8 ஆம்பியர் போகும், மல்ட்டிமீட்டரை வச்சுப் பாக்க அரை நிமிஷம் ஆகாது, ஆனா யாரும் பாக்க மாட்டோம். மாட்யூலோட சிவப்பு ஒயருக்கு ரெசிஸ்டருக்கு முன்னாடி இருந்து முழு 12 வோல்ட் எடுக்கணும். செப்புக் கம்பி பிளக் ஒயரைக் கழட்டிட்டு இரைச்சலை அடக்குற சப்ரெஷன் ஒயர் போடணும், இல்லன்னா அந்த எலக்ட்ரிக் இரைச்சல்லயே மாட்யூல் குழம்பிடும். இன்னொண்ணு, இன்ஜினை நிறுத்திட்டு சாவியை ஆன்ல விட்டு பாட்டு கேக்குற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, பாயின்ட்டா இருந்தாலும் காயில் சுடும்தான், மாட்யூலுக்கு அது கொள்ளி.

ரெண்டு கட்சியும் பேசாத ஒரு விஷயம் இருக்கு. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடிச்சு ஷாஃப்ட்டை பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. ஆடுதா? அப்ப ஷாஃப்ட்டைத் தாங்குற புஷ் தேஞ்சு போயிடுச்சு. ஆடுற ஷாஃப்ட்டுல கேப் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு மாதிரி இருக்கும், நீங்க நாள் முழுக்க செட் பண்ணாலும் நிக்காது. மாட்யூல் இந்த ஆட்டத்தை ஓரளவுக்குத் தாங்கிக்கும், அதனாலதான் பலருக்கு மாட்யூல் மாட்டுனதும் வியாதி குணமான மாதிரி தெரியுது, உண்மையில வலி மாத்திரை போட்டிருக்காங்க. அட்வான்ஸ் வெயிட் துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டிருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, இன்ஜினோட உறிஞ்சலை வச்சு அட்வான்ஸ் பண்ற வேக்குவம் டயாஃப்ரம் கிழிஞ்சிருந்தாலோ எந்தக் கருப்புக் கட்டியும் அதைச் சரி பண்ணாது. ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல்னு சொல்றது இங்க தலைகீழ், மேடையே கோணலா இருக்கு, நாம ஆட்டக்காரியை மாத்திட்டிருக்கோம்.

புஷ், அட்வான்ஸ் எல்லாமே போயிடுச்சுன்னா 123ங்கற பிராண்டு மாதிரி முழு எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரையே மாத்திடலாம், உள்ள வெயிட்டும் கிடையாது ஸ்பிரிங்கும் கிடையாது, சுவிட்சைத் திருப்பி, எந்த வேகத்துக்கு எவ்வளவு அட்வான்ஸ்னு சொல்ற 16 கர்வ்ல ஒண்ணை எடுத்துக்கலாம், ஃபோன்ல இருந்தே கர்வ் மாத்துற வகையும் இருக்கு. அருமையான சாமான், தினமும் தூரம் ஓட்டுறவங்களுக்குக் கண்ணை மூடிட்டு சொல்வேன். காசு மட்டும் கண்ணைத் திறக்க வைக்கும். பானட்டுக்கு அடியில ப்ளூடூத் இருக்குன்னு நினைச்சாலே எனக்கு என்னமோ மாதிரி இருக்கு, அது என் கிறுக்கு.

என்னைக் கேட்டா யாரும் கண்டுக்காத நடுவழி ஒண்ணு இருக்கு: பாயின்ட்டை அப்படியே வச்சுக்கிட்டு டிரான்சிஸ்டர் பாக்ஸ் மாட்டுறது. காயில் கரண்ட்டை டிரான்சிஸ்டர் பாத்துக்கும், பாயின்ட் வழியா சின்ன சிக்னல் கரண்ட் மட்டும்தான் போகும், அதனால முகம் கருகவே கருகாது, குதிகால் மட்டும் மெதுவாத் தேயும். பாக்ஸ் செத்துப்போச்சுன்னா ஒயரைப் பழையபடி காயிலுக்கு மாத்திப் போட்டுட்டுக் கிளம்பலாம், கண்டென்சரை மட்டும் கழட்டி வீசாம அங்கயே விட்டு வச்சிருக்கணும். என் வண்டியில இப்ப இதுதான்.

லூகாஸைக் கிண்டலடிக்கிற ஜோக் இல்லாம இந்தப் பேச்சு முடியாதே: மூணு பொசிஷன் சுவிட்ச் தெரியுமா, மங்கல், மினுக் மினுக், ஆஃப். "இருட்டின் இளவரசன்"னு பட்டப்பேரே உண்டு. ஆனா ஒண்ணு சொல்லணும், என் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் இதுவரைக்கும் தானா நின்னது கம்மி, நான் கை வச்சு நின்னதுதான் அதிகம்.

போன ஞாயித்துக்கிழமை கூட புது பாயின்ட் மாட்டி, கேப் அளந்து, பெருமையா மூடியைப் போட்டு கிளிப் அடிச்சு ஸ்டார்ட்டரை அழுத்துனேன். உருளுது, பிடிக்கல. மறுபடி உருட்டுனேன். காயிலைச் சந்தேகப்பட்டேன், பாக்ஸை சந்தேகப்பட்டேன், கண்டென்சரை சந்தேகப்பட்டு அதோட வம்சத்தையே இழுத்தேன், பேட்டரி படுத்துடுச்சு. இரண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டன்ல காரை நிறுத்திட்டுப் போறவங்க எதிரி எடுத்துட்டுப் போகாதபடி ரோட்டாரைக் கழட்டிக் கையோட கொண்டு போவாங்களாம். என் ரோட்டார் காலைல இருந்து என் சட்டைப் பாக்கெட்லதான் இருந்துச்சு, வேர்வையைத் துடைக்கக் கர்ச்சீஃப் எடுத்தப்பதான் கீழ விழுந்துச்சு.