கதவுப் படமா, அடுத்த வீட்டுப் பாற்சோறா?

எழுத எதுவும் தோன்றாத நாட்களில் எனக்கு இரண்டு வழிகள்: கதவுகளைப் படம் எடுப்பது, மற்றவர்களின் சமையலைச் சாப்பிட்டுப் பார்ப்பது.

கதவுக்குச் செலவில்லை, காலை வெளிச்சம் போதும். இலங்கை மலைநாட்டு அப்புத்தளையில் 1931இல் கட்டிய அடிஷாம் பங்களாவின் கல் வாசல் அழகுதான். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது ஒரு லயத்துக் கதவு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் கதவு. நீலப் பெயின்ட் உரிந்து அடியில் பழைய பச்சை தெரிந்தது. நிலையில் மஞ்சள் பொட்டு, மேலே காய்ந்த மாவிலை. அந்த ஒரு படத்தை வைத்தே ஒரு வாரம் எழுதினேன். கேட்காமல் மட்டும் கேமராவைத் தூக்கக் கூடாது, அது ஒருவருடைய வீடு. மூடுபனி இறங்கிவிட்டால் படமும் இல்லை.

சாப்பாட்டுக்கு மழை, பனி பொருட்டில்லை. சித்திரைப் புத்தாண்டன்று சிங்கள அயலவர் பாற்சோறு தருவார்கள். தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றைத் தட்டில் பரப்பி, சாய்சதுரமாக வெட்டி, பக்கத்தில் லுணுமிரிஸ் என்ற மிளகாய்ச் சம்பல். நம் பொங்கலும் அரிசிதான். நாம் சர்க்கரை போடுகிறோம், அவர்கள் மிளகாய் வைக்கிறார்கள். முஸ்லிம் வீட்டு வட்டிலாப்பம் என்ற முட்டை இனிப்பில் கித்துள் கருப்பட்டியும் ஏலமும் மணக்கும்.

எனக்குச் சாப்பாடுதான் ஒரு படி மேல். செய்முறை கேட்டால் அம்மாவின் கதை, பாட்டியின் கதை எல்லாம் வரும். அப்புறம், கிளம்பும்போது அந்த வீட்டுக் கதவையும் ஒரு படம் எடுத்துக்கொள்வேன், கேட்டுவிட்டுத்தான்.